தியான ஆப்புல கடல் சத்தம் போடுறான், எனக்கு அந்தச் சத்தம்தான் பிரச்சனையே. எப்படி ஆரம்பிக்கிறது?

மடத்துப்பொண்ணு
ராத்திரி 1:47

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதான் மொத தடவை, தப்பா இருந்தா பொறுத்துக்கோங்க. எனக்கு ஊரு தங்கச்சிமடம் பக்கம், வயசு 33, ரெண்டு பிள்ளைக. எங்க வீட்டுக்காரவுக விசைப்படகுல டிரைவரா போறாக. திங்கள், புதன், சனி கடலுக்குப் போற நாளு, காலைல டோக்கன் வாங்கிட்டுப் போனா மறுநாள் விடிஞ்சுதான் கரை. அதாவது வாரத்துல மூணு ராத்திரி நானும் பிள்ளைகளும்தான்.

இந்த மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அவுக வீட்ல இருந்தாகள்ல, நல்லா தூங்குனேன். ஜூன் 15க்கு அப்புறம் திரும்ப ஆரம்பிச்சிருச்சு. போட்டு கடலுக்குப் போன அன்னைக்கு ராத்திரி கண்ணு மூடுனா நெஞ்சு அடிச்சுக்குது. கச்சான் காத்து கொஞ்சம் தூக்கிப் போட்டா போதும், ஓட்டுல கீத்து ஆடுற சத்தம், தூரத்துல கடல் சத்தம், எந்திரிச்சு உக்காந்துருவேன். போன வருசம் எங்க தெருவுல ஒரு போட்ட இலங்கை நேவி பிடிச்சுட்டுப் போயி மூணு மாசம் கழிச்சுதான் ஆளுக வந்தாக, அதுல இருந்து கூடிப் போச்சு.

வேல பாக்குற எடத்துல ஒரு அக்கா தியானம் பண்ணு, ஆப்பு இருக்குன்னு போட்டுக் குடுத்தாக. ஹெட்போன் மாட்டி உக்காந்தா ஒரு பொண்ணு மெதுவா பேசுது, "நீங்கள் ஓர் அழகான கடற்கரையில் அமர்ந்திருக்கிறீர்கள், அலைகளின் ஓசையைக் கேளுங்கள்"னு. பின்னாடி அலை சத்தம் வேற. எனக்கு அழுகையா வந்துருச்சு. சிரிப்பும்தான். ஏம்மா நான் நெசமாவே கடக்கரைலதான் இருக்கேன், இந்தச் சத்தத்துனாலதான் உக்காந்துருக்கேன்!

சரி ஆப்பு வேணாம், ஜெபமால சொல்லலாம்னு பாத்தேன். எங்க அம்மா வீட்ல தெனம் ராத்திரி ஏழரைக்கு பீடத்துக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்து சொல்லுவோம், கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுப் போச்சு. இப்ப தனியா சொன்னா "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்"ங்கிற எடம் வருதுல்ல, அங்க வந்து மனசு நின்னுருது, அதுக்கு மேல போக மாட்டேங்குது. 53 தடவை அந்த வார்த்தை. மூணாவது மணியிலயே வச்சுட்டேன்.

கேக்க வந்தது என்னான்னா, தியானம், ஜெபம் ரெண்டுல எத மொதல்ல ஆரம்பிக்கிறது? ரெண்டும் ஒண்ணா வேற வேறயா? நம்ம கோயில்ல தியானம்னா மூணு நாள் சாமியார் வந்து பிரசங்கம் வைக்கிறது, அதத்தான் எனக்குத் தெரியும். சும்மா உக்காந்துருக்கிற தியானம் நம்ம வேதத்துக்கு ஆகுமா? எவ்வளவு நேரம் உக்காரணும்? வீட்ல தனி ரூம்லாம் கெடையாது, ஒரு ஹாலு ஒரு அடுப்படி, பிள்ளைக பாய்ல பக்கத்துலயே கெடக்கும்.


பாம்பன் பய
ராத்திரி 2:05

அக்கா மொதல்ல அந்த ஆப்ப தூக்குங்க. எவனோ ஏசி ரூம்ல உக்காந்து கடல் சத்தத்த ரெக்கார்ட் பண்ணி நமக்கே விக்கிறான், அதுக்கு மாசச் சந்தா வேற கேப்பான் பாருங்க.

நான் சாமி கும்புடுற ஆள் இல்ல, அதையும் சொல்லிக்கிறேன். உங்க பயம் மனசுல இல்ல, கடல்ல இருக்கு. போட்டுல லைஃப் ஜாக்கெட் எத்தன பேருக்கு இருக்கு, போட்டு எங்க நிக்குதுன்னு காட்டுற டிரான்ஸ்பாண்டர் வேல செய்யுதா, வாக்கி டாக்கில அண்ணன் ராத்திரி ஒரு தடவ பேசுவாரா, இதக் கேளுங்க மொதல்ல. ஹைதராபாத்ல கடல் நெலவரம் சொல்ற இன்காய்ஸ்காரன் அலை எவ்வளவு உசரம், காத்து எவ்வளவு வேகம்னு தெனம் போடுறான், அதப் பாத்துட்டு தூங்குங்க. 1897 ஜனவரில விவேகானந்தர் நம்ம பாம்பன்லதான் வந்து எறங்குனாரு, எறங்கி ராமேஸ்வரம் கோயில்ல நின்னுக்கிட்டே என்ன சொன்னாரு தெரியுமா, ஏழைகிட்டயும் நோயாளிகிட்டயும் சிவனப் பாக்குறவன்தான் நெசமா சிவனக் கும்புடுறான்னு. கண்ண மூடி உக்காந்துரு எல்லாம் சரியாயிரும்னு சொல்லல.


மடத்துப்பொண்ணு
ராத்திரி 2:11

தம்பி நீங்க சொல்றது சரிதான், ஜாக்கெட்டு இருக்கு, பாதி நேரம் அது மேல தலய வச்சுப் படுத்துக் கெடப்பாக அது வேற கதை. ஆனா அந்த அலை உசரம் பாக்குறதச் சொன்னீகள்ல, அதத்தான் நான் ராத்திரி பதினஞ்சு தடவ பாக்குறேன். ஒண்ணரை மீட்டர்னு போட்டுருந்தா ரெண்டு ஆயிருச்சான்னு திரும்பப் பாப்பேன். இப்ப உங்களுக்கு பதில் எழுதுறதுக்கு முன்னாடி கூட பாத்துட்டுத்தான் வந்தேன்.


புல்லாணி வாத்தியார்
காலை 5:20

தாயி, நான் ரிட்டயர்டு வாத்தியார், திருப்புல்லாணி. இருபது வருசமா காலைல உக்காந்துக்கிட்டு வர்றேன், பெருசா ஞானம் ஒண்ணும் வரல, ஆனா கோவம் கொறஞ்சிருக்குன்னு வீட்ல சொல்றாங்க, அத நம்புறேன்.

முதல்ல ஒரு தப்பான நெனப்பத் தூக்கி எறியணும். தியானம்னா மனசுல ஒண்ணும் ஓடாம காலியா இருக்குறது இல்ல. அது யாருக்கும் முடியாது. நம்ம ராம்நாட்லதான் தாயுமானவர் சமாதி இருக்கு, போயிருக்கியா? மதம் புடிச்ச யானைய ஓட்டலாம், கரடி புலி வாயக் கூட கட்டலாம், சிங்கத்து மேல ஏறலாம்னு வரிசையா அடுக்கிட்டு, "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது"ன்னு முடிக்கிறாரு. அவரே அரிதுன்னுட்டாரு, நீ ஆப்பு போட்ட மூணாவது நாள்ல வரலைன்னு வருத்தப்படுற. எங்க ஊரு கோயில்ல ராமர் தர்ப்பைப் புல்லுல படுத்துருக்காரே, கடல் வழி விடணும்னு மூணு நாள் விரதம் கெடந்து பாத்தாரு, கடல்ராசன் வரலைன்ன உடனே வில்ல எடுத்துட்டாரு. அவருக்கே பொறுமை மூணு நாள்தான். சிரிக்கத்தான் சொன்னேன், ஆனா நெசமும் அதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். செவத்துல முதுகு சாய்ச்சு உக்காரு, சம்மணம் வரலைன்னா காலை நீட்டிக்கோ, ஸ்டூல் இருந்தா ஸ்டூல்ல உக்காரு, முதுகு நிமிந்து இருந்தா போதும். மூச்சு மூக்குல உள்ள போறத கவனி, வெளிய வர்றத கவனி. வெளிய விடுற மூச்சு உள்ள இழுக்குறத விட கொஞ்சம் நீளமா இருக்கட்டும், நாலு எண்ணி இழுத்தா ஆறு எண்ணி விடு. மூச்ச நீளமா வெளிய விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், அது உடம்போட அமைப்பு, நம்பிக்கைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மனசு ஓடும். ஓடட்டும். ஓடிருச்சுன்னு தெரிஞ்ச அந்த நிமிசம் திரும்பி மூச்சுக்கு வா, திட்டிக்காத. நூறு தடவ ஓடுனா நூறு தடவ கூட்டிட்டு வா, அந்தக் கூட்டிட்டு வர்றதுக்குப் பேருதான் தியானம்.

அஞ்சு நிமிசம் போதும். ஒரே எடம், ஒரே நேரம். அப்புறம் அந்த கடல் சத்தம், அத எதுக்கு எதிரியா வச்சுருக்க? அதையே கவனி. பேர் வைக்காம, இது புயல் இது காத்துன்னு கதை கட்டாம வெறும் சத்தமா கேளு, நாலு நாள்ல பழகிரும்.


ஓரியூர் செம்மண்
காலை 9:40

மடத்துப்பொண்ணு, நானும் நம்ம ஆளுதான், ஓரியூர் பக்கம். உங்க "மரண நேரத்திலும்" படிச்ச உடனே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, ஏன்னா எங்க அப்பா ஐசியூல இருந்தப்ப எனக்கும் அதே எடத்துலதான் தொண்டை அடைச்சது.

ஒண்ணு சொல்றேன், இது தெரிஞ்சப்ப எனக்கு பெரிய ஆறுதலா இருந்துச்சு. அந்த ஜெபத்துல மொதப் பாதிதான் பழசு. கபிரியேல் தூதர் சொன்ன வாழ்த்தும் எலிசபெத் அம்மா சொன்ன வாழ்த்தும், ரெண்டும் லூக்கா நற்செய்தில இருக்குறது. பல நூறு வருசமா ஜனங்க அந்தப் பாதியத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. "அர்ச்சிஷ்ட மரியாயே"ன்னு தொடங்குற வேண்டுதல் பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா சேந்தது, இப்ப நாம சொல்ற வடிவம் 1568ல வந்த ரோமன் செபப் புத்தகத்துலதான் உறுதியாச்சு. அதனால நீங்க கொஞ்ச நாளைக்கு "திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே"ன்னு சொல்லி நிறுத்திட்டா அது அரைகுறை ஜெபம் ஒண்ணும் இல்ல. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க.

53 சொல்லணும்னு யாரு சொன்னா? ஒரு பத்து மணி சொல்லுங்க. அதுவும் ஓட்டமா ஓடாம. நம்ம ஆளுக ஜெபமால சொல்றது கேட்டுருக்கீங்கள்ல, ஏலம் போடுற வேகத்துல இருக்கும், எனக்கு சின்ன வயசுலருந்து அது பிடிக்காது. ஒரே மூச்ச வெளிய விட்டுக்கிட்டே மொதப் பாதி, அப்புறம் வாய மூடி மெதுவா மூச்சு உள்ள, அடுத்த மணி. வாத்தியார் ஐயா சொன்ன நாலு, ஆறு கணக்கு தானா வந்துரும், எண்ண வேண்டியதில்ல. இத நான் சும்மா சொல்லல, இத்தாலில டாக்டர்க 23 பேர வச்சு பாத்து 2001ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்டாங்க. லத்தீன்ல ஜெபமால சொன்னாலும் சரி, ஓம் மணி பத்மேன்னு வர்ற மந்திரத்தச் சொன்னாலும் சரி, மூச்சு நிமிசத்துக்கு ஆறு கிட்ட வந்து நிக்குது, இதயமும் ரத்த அழுத்தமும் அதுக்கு ஒத்து நல்லபடியா ஏறி எறங்குது. ஒருத்தர் மொதப் பாதி சொல்ல மத்தவங்க ரெண்டாவது பாதி சொல்ற நம்ம பழக்கம் இருக்குல்ல, ஒரு சுத்துக்கு பத்து செகண்டு ஆகுறது அதனாலதான்.

வேதத்துக்கு ஆகுமான்னு கேட்டீங்களே. எங்க ஊர்ல 1693ல தலை வெட்டுப்பட்டுச் செத்த அருளானந்தர் சேசு சபைக்காரரு, அந்த சபைல சேந்தா முப்பது நாள் வாயத் தொறக்காம தியானத்துல இருக்கணும், இன்னைக்கும் இருக்குறாங்க. சும்மா உக்காருறது நம்ம வீட்டுச் சொத்துதான், நமக்கு யாரும் எடுத்துச் சொல்லல அவ்வளவுதான்.


கீழக்கரை சபராளி
மதியம் 1:15

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தங்கச்சி, நான் இப்ப ஷார்ஜாவுல இருக்கேன், சொந்த ஊரு கீழக்கரை. உங்க கேள்விய படிச்சதும் எங்க உம்மாதான் கண்ணு முன்னாடி வந்தாக.

வாப்பா சபர், அதான் தூரப் பயணம், போனா மாசக்கணக்குல தகவல் வராது, கடுதாசி வந்தாத்தான் உண்டு. உம்மா ராத்திரி இஷா தொழுதுட்டு முசல்லாவ, அதான் தொழுகை விரிப்ப, மடிக்காம அப்படியே உக்காந்துருப்பாக, கைல தஸ்பீஹ் மணி கூட இருக்காது, வெரல் கணுவுலதான் எண்ணுவாக. ஒரு வெரலுக்கு மூணு கணு, ஒரு கைக்கு பதினஞ்சு, ரெண்டு கைக்கு முப்பது, அப்புறம் மூணு. சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. பெருவெரல் ஒவ்வொரு கணுவா தடவித் தடவிப் போறத நான் மடில படுத்துக்கிட்டு பாத்துக்கிட்டே தூங்கிருவேன். இப்ப எனக்கு ஃபிளாட்ல தூக்கம் வராத ராத்திரி நான் செய்றதும் அதேதான், வெரல் தானா போகும்.

நீங்க ரெண்டும் ஒண்ணான்னு கேட்டீக, எங்கள்ல இத தனித்தனியா பிரிச்சு வச்சுருக்கு, அது உங்களுக்கு ஒதவலாம். தொழுகைங்கிறது நேரம் வச்ச கடமை, மனசு இருந்தாலும் இல்லைனாலும் எந்திரிச்சு நிக்கணும். துஆங்கிறது கேக்குறது. திக்ருங்கிறது கேக்குறது இல்ல, நெனச்சுக்கிட்டே இருக்குறது. நீங்க ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருக்கீக போல, இவுக பத்திரமா வரணும் பத்திரமா வரணும்னு. கேக்குறத ஒரு தடவ நல்லா அழுது கேட்டுட்டு முடிச்சுருங்க. கேட்டாச்சு, அவன் காதுல விழுந்துருச்சு. திரும்பத் திரும்பக் கேட்டா நமக்கே அது விழலையோன்னு சந்தேகம் வந்துரும். மிச்ச நேரத்துக்கு திக்ரு. உங்களுக்கு அந்த ஒரு பத்து மணி.

ரசூலுல்லாஹ் சொன்ன ஒரு ஹதீஸ் இருக்கு, கொஞ்சமா இருந்தாலும் விடாமச் செய்ற அமல்தான், நல்ல காரியந்தான், அல்லாஹ்வுக்கு ரொம்பப் பிரியமானதுன்னு. ரமலான்ல மட்டும் ராத்திரி பூரா நின்னுட்டு அப்புறம் விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு கூட எந்திரிக்காத என்ன மாதிரி ஆளுக்குச் சொன்னது அது.


பட்டணத்து நர்ஸ்
சாயங்காலம் 6:50

எல்லாரும் நல்லாத்தான் சொல்லிருக்கீங்க, ஆனா வாத்தியார் ஐயா சொன்னதுல ஒண்ணுல எனக்கு ஒப்புதல் இல்ல. கடல் சத்தத்தையே கவனின்னு சொன்னது. அது இருபது வருசம் உக்காந்தவங்களுக்கு. எந்தச் சத்தத்தக் கேட்டா நெஞ்சு படபடக்குதோ அதுலயே தனியா, இருட்டுல, ராத்திரி ஒரு மணிக்கு மனசக் கொண்டு போயி நிறுத்துனா சில பேருக்கு பதட்டம் கூடத்தான் செய்யும். வார்டுல பாத்துருக்கேன். கண்ண மூடுனாலே பயம் வர்றவங்க இருக்காங்க, அவங்க கண்ண தொறந்து வச்சுக்கலாம், எதிர இருக்குற ஜீரோ வாட்ஸ் பல்பப் பாக்கலாம், உள்ளங்கால தரைல அழுத்தி சிமெண்டோட குளிர்ச்சிய கவனிக்கலாம், கைல மணிய உருட்டலாம். சத்தத்த விட்டுட்டு தொடுற பொருளுக்கு வந்துருங்க மா. மூச்ச கவனிச்சாலே மூச்சு முட்டுற மாதிரி இருந்தா மூச்சையும் விட்டுருங்க, கை போதும்.

யாராவது பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போ, காசு கெடையாது, போன வாங்கி வச்சுருவாங்க, பேசக் கூடாது, எல்லாம் சரியாயிரும்னு சொல்லுவாங்க. நல்ல பயிற்சிதான், எங்க வீட்லயே போயிட்டு வந்தவங்க இருக்காங்க, ஆனா வாரத்துல மூணு ராத்திரி தூங்காம இருக்குற நெலமைல அது மொத படி இல்ல.

இன்னொண்ணு, ஒடனே எல்லாத்தையும் மனசு மேல போட்டுராதீங்க. தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு தடவ பாத்துருங்க, படபடப்புக்கு ரத்தசோகை எத்தனையோ பேருக்கு காரணமா இருந்துருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல டீ குடிக்கிறீங்களா? மூணு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா ராம்நாடு பெரியாஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு, போறதுல கேவலம் ஒண்ணும் இல்ல. அங்க வர முடியலைன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு பேரு, காசு இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

ஜெபம் பண்ணாதீங்கன்னு நான் சொல்லல. நம்ம மாவட்டத்துல இதச் சொல்லித்தான் ஆகணும், 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடி தர்கா ஊர்ல சங்கிலி போட்டுக் கெடந்த மனநோயாளிக 28 பேரு தீயில எரிஞ்சு போனாங்க, எந்திரிச்சு ஓட முடியாம. வைத்தியத்த விட்டுட்டு வெறும் வேண்டுதல்ல கொண்டு போயி விட்டதுக்கு நாம குடுத்த வெல அது. அதுக்கப்புறம்தான் தர்காவுக்கு வர்றவங்களுக்கு துஆவோட மருந்தும்னு டாக்டர்க அங்கயே போயி பாக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டும் சேந்து போகலாம், ஒண்ண வச்சு இன்னொண்ண நிறுத்தக் கூடாது.


புல்லாணி வாத்தியார்
ராத்திரி 8:02

நர்ஸ் அம்மா சொல்றது சரி. எனக்கு கடல் சத்தம் கோடை விடுமுறை மாதிரி, அந்தப் பிள்ளைக்கு அப்படி இல்லைங்கிறத யோசிக்காமச் சொல்லிட்டேன். வாபஸ்.


பாம்பன் பய
ராத்திரி 8:30

வாத்தியாரு வாபஸ் வாங்குனத நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிறேன். அக்கா, நானும் ஒண்ணு வாபஸ். அந்த அலை உசரம் பாக்கச் சொன்னேன்ல, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவ பாருங்க, அப்புறம் போன அடுப்படில வச்சுருங்க. அண்ணன் ஏதாவதுன்னா போன் அடிக்கும்ல, அடுப்படில இருந்தாலும் கேக்கும்.


மடத்துப்பொண்ணு
மூணு வாரம் கழிச்சு, காலை 10:25

எல்லாருக்கும் நன்றி, நடுவுல எழுத முடியல, பிள்ளைக்கு காய்ச்சல். என்ன ஆச்சுன்னு கேட்டு ரெண்டு பேரு மெசேஜ் போட்டுருந்தீங்க அதான் எழுதுறேன்.

ரத்தம் எடுத்துப் பாத்தேன், ஹீமோகுளோபின் எட்டரை. டாக்டரம்மா திட்டு திட்டுன்னு திட்டிட்டு மாத்திரை குடுத்துருக்காக, முருங்கக்கீர வாரத்துல மூணு நாளுன்னு வேற. நர்ஸ் அக்கா உங்களுக்கு ஸ்பெசலா நன்றி. டீ சாயங்காலம் விட முடியல, பாதி கிளாஸ் ஆக்கிருக்கேன்.

ஆப்ப எடுத்துட்டேன். ராத்திரி பிள்ளைக படுத்ததுக்கு அப்புறம் பீடத்துக்கு முன்னாடி, அந்த செவப்பு பல்ப மட்டும் போட்டுட்டு, காலை நீட்டி செவத்துல சாஞ்சு உக்காருறேன். கேக்க வேண்டியத மொதல்ல கேட்டுறேன், சபராளி அண்ணே சொன்ன மாதிரி ஒரே தடவ, போட்டு நம்பரையும் சொல்லித்தான் கேக்குறேன், சிரிக்காதீங்க. அப்புறம் பத்து மணி, மொதப் பாதி மட்டும். கண்ண மூடல. எங்க அம்மா ஜெபமால, கண்ணாடி மணி, நாலாவது பத்துல ஒரு மணி ஒடஞ்சு அதுக்கு பதிலா அப்பா வலை நூல்ல முடிச்சு போட்டு வச்சுருப்பாக. அதனால நான் வேணும்னே அந்தப் பத்தத்தான் எடுக்குறது. வெரல் வழுக்கி வழுக்கிப் போகும், அந்த முடிச்சு வந்ததும் சொரசொரன்னு நிக்கும், அங்க மனசு எங்க போயிருந்தாலும் திரும்பி வந்துருது. எதுக்கு வந்துருதுன்னு தெரியல.

மொத வாரம் ஒண்ணும் நடக்கல. ரெண்டு நாள் விட்டும் போச்சு. ஒரு நா நாலு மணி சொல்லிட்டு மனசு மளிகக் கடை பாக்கிக்குப் போயிருச்சு, அப்புறம் பள்ளிக்கொடத்து பீஸுக்கு, திரும்பி வந்தா கைல எந்த மணின்னே தெரியல, மறுபடி மொதல்லருந்து. வாத்தியார் ஐயா சொன்னது ஞாபகம் வந்துச்சு, யானைய ஓட்டலாம்னு. கச்சான் அடிச்ச ஒரு சனிக்கெழம ரொம்ப மோசம், ஜெபமாவது மண்ணாவதுன்னு போன எடுத்துட்டு உக்காந்துட்டேன், அன்னைக்கு 14416க்கும் போட்டேன். ஒரு அம்மா எடுத்தாக, அர மணி நேரம் பேசுனாக, நல்லாத்தான் இருந்துச்சு.

போன வாரம் ஒண்ணு நடந்துச்சு. நான் மொதப் பாதி சொல்லிட்டு மூச்ச இழுத்துக்கிட்டு இருக்கேன், பாய்ல தூங்கிட்டான்னு நெனச்ச பெரியவன் இருட்டுல இருந்து "அர்ச்சிஷ்ட மரியாயே சர்வேசுரனுடைய மாதாவே"ன்னு ரெண்டாவது பாதிய சொல்றான், கொட்டாவி விட்டுக்கிட்டே. மரண நேரத்திலும்ங்கிறதையும் அப்படியே ரைம்ஸ் மாதிரி சொல்லிட்டுப் போறான், அவனுக்கு அதுல ஒரு பயமும் இல்ல. நான் ஒண்ணும் சொல்லல. அடுத்த மணி சொன்னேன், திரும்பவும் சொன்னான். அஞ்சாறு மணி வரைக்கும் வந்துச்சு, அப்புறம் சத்தத்தக் காணோம், தூங்கிட்டான்.

நேத்து புதன்கெழம. முடிச்சு வரைக்கும் வந்தது தெரியும், அதுக்கப்புறம் தெரியாது. அவுக வந்து கதவத் தட்டுன சத்தத்துலதான் முழிச்சேன், விடிஞ்சு ஆறே முக்கா. செவத்துலயே சாஞ்சு தூங்கிருக்கேன், கன்னத்துல மணி பதிஞ்ச தடம். "என்னடி மூஞ்சில"ங்குறாக. சொல்லல.


பாம்பன் பய
காலை 10:40

சூப்பர் அக்கா. அண்ணனுக்கு என்ன மீனு பட்டுச்சு?


மடத்துப்பொண்ணு
காலை 10:44

எறா கொஞ்சம், கணவா கொஞ்சம், மிச்சமெல்லாம் சங்காயம், வெல போகாத பொடி மீனு. டீசல் காசுக்கே பத்தாது போங்க தம்பி.